வெயிலுக்கு முன்

ராத்திரி பன்னிரண்டுக்கு ஊட்டிப் பக்கம் போட்ட வாணம்
எப்பநாட்டுச் சரிவுக்குச் சத்தமாக மட்டும் வந்து சேர்ந்தது.
வெளிச்சத்தை மலை வைத்துக்கொண்டது.
நான் புரண்டு படுத்தேன்.
அலாரம் நாலரைக்கு.

உரக்கடையில் கொடுத்த டைரி மேசைமேல்.
சிவப்பு அட்டை, பக்கத்துக்குப் பக்கம் பொட்டாஷ் விளம்பரம்.
போன வருஷத்து டைரியும் அடியில் கிடக்கிறது.
அதில் முதல் பக்கம் நிரம்பி வழியும்:
தினம் நாலு கிலோமீட்டர் நடை,
சர்க்கரை இல்லாத டீ,
சொசைட்டிக் கடன் மொத்தமும்,
ஸ்கூட்டர் ஓட்டப் பழகுவது,
சகாயமேரியோடு பேசிவிடுவது
(இதற்குக் கீழே இரண்டு கோடு).
அடுத்த பக்கத்தில் எட்டு நாள் பால் கணக்கு.
அப்புறம் டிசம்பர் வரை
ஒரே வெள்ளை.

கதவைத் திறந்தால் வெளியேயும் அதே வெள்ளை.
டார்ச் பட்ட இடமெல்லாம் புல் நுனியில் உப்பு.
பழகாத ஸ்கூட்டரின் சீட்டில் உறைபனி விரித்திருந்தது.
விரலால் புது வருஷத்தை எழுதிப் பார்க்கலாமா என்று
கை போனது.
குளிரில் திரும்பி வந்தது.

பனி இலையைக் கொல்வதில்லை.
பனியோடு நிற்கும் இலைமேல்
மேட்டைத் தாண்டி ஒரேயடியாக விழும் வெயில்தான்
கருக்கிவிடுகிறது,
பத்து மணிக்குள், தீ வைத்த மாதிரி.
அதனால் சூரியனை முந்த வேண்டும்,
ஆனால் ஓடக் கூடாது;
சரிவில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு
என் இடது முட்டியில் தையல் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் தாவை வெட்டி மூடியதில்
பள்ளத்து மூன்று வரிசைக்குப் போதவில்லை.
போதவில்லை என்றதும்
வழக்கமாக என்னைத் திட்டிக்கொள்வேன்.
நேற்று கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

அந்த மூன்று வரிசைக்குத்தான் இந்தப் பூவாளி.
தொட்டித் தண்ணீர் கை மரக்கும் சில்லிப்பு.
பனிக்கு அதுவே வெந்நீர் போல.
ஒவ்வொரு செடிக்கும் ஒரு சாய்ப்பு,
கொஞ்சம் நின்று, இன்னொரு சாய்ப்பு.
வெள்ளை கரைந்து பச்சை தெரியும்போது
சத்தமே இல்லை.

இலையிடம் யாரும்
இந்த வருஷமாவது என்று ஆரம்பிப்பதில்லை.
ஜனவரி முழுக்கத் துளிர்க்காமல் நிற்கிறது செடி.
பாக்டரிக்காரர்கூட, வரவு குறைவு என்கிறாரே தவிர
சோம்பேறித் தேயிலை என்று
ரசீதில் எழுதியதில்லை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.
திருப்பூரிலிருந்து நாத்தனார், வாய்ஸ் மெசேஜ்:
அண்ணி, என்ன முடிவெடுத்திருக்கீங்க,
நான் பதினோரு விஷயம் எழுதியிருக்கேன்!
ஈரக் கையால் பட்டனை அழுத்திச் சொன்னேன்:
ஒன்றரை வரிசை நனைச்சிருக்கேன் பூங்காவனம்,
மிச்சம் ஒன்றரை.

அப்போதுதான் பார்த்தேன்,
வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு டார்ச்.
ஊற்றுக் குழாய்ச் சண்டைக்குப் பிறகு
இரண்டு வருஷமாக
நான் பார்க்காதது போலப் பார்க்கும் அதே மஞ்சள் ஸ்வெட்டர்.
அவளிடமும் பூவாளி.
அவளுக்கும் தாவை போதவில்லை போல.

கூப்பிட வாய் திறந்தேன்.
பேச வேண்டியது ஒரு மூட்டை இருந்தது,
யார் குழாயை யார் வெட்டினார்கள் என்பதிலிருந்து.
வாயை மூடிக்கொண்டேன்.
டார்ச்சை ஒருமுறை தாழ்த்தி உயர்த்தினேன்.
அவள் செடிக்குத் தண்ணீர் சாய்த்து முடித்தாள்.
அடுத்த செடிக்குப் போனாள்.
பிறகு அந்த வெளிச்சமும்
ஒருமுறை தாழ்ந்து உயர்ந்தது.

அவ்வளவுதான்.
வெயில் ஏழே காலுக்கு மேட்டில் ஏறி வந்தது.
எங்கள் இலைகள் வெறும் ஈரமாக இருந்தன.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன்.
சர்க்கரை ஒரு கரண்டி,
போன வருஷம் இரண்டு.
டைரியைத் திறந்து முதல் பக்கத்தில்
ஒன்றாம் தேதி, பனி, என்று எழுதினேன்.
இன்னும் நிறைய இடம் இருந்தது.
தம்ளரை அதன்மேல் வைத்துவிட்டு
முட்டியை நீட்டி உட்கார்ந்தேன்.