ஷேடு கார்டில் இல்லாத சிவப்பு

எனக்குச் சிவப்பில் நாற்பத்திரண்டு தெரியும்.
வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை லேப்.
கருப்புப் பெட்டிக்குள் துணித்துண்டை வைத்தால்
ஒரு சுவிட்சுக்குப் பகல்,
ஒரு சுவிட்சுக்குக் கடை வெளிச்சம்,
ஒரு சுவிட்சுக்கு அந்தி மஞ்சள்.
ஒன்றில் ஒத்துப்போகும் நிறத்தை
இன்னொன்று காட்டிக் கொடுக்கும்.
பதினோரு வருசமாக இதுதான் சோறு.

சித்திரை. கரண்ட் போய் வந்த ராத்திரி, ரெண்டே கால்.
பாலுக்கு எழுந்த நிறைமதியின் முதுகைத் தடவிவிட்டு
"என்னமோ சொரசொரங்குதுங்க" என்றாள் நாகமணி.

டியூப்லைட்டில் ஒன்றுமில்லை.
செல்போன் டார்ச்சில் ஏதோ இருக்கிறது.
வாசல் குண்டு பல்புக்கு எடுத்துப் போய்
துணியைத் திருப்புவது போலப் பிள்ளையைத் திருப்பினேன்.
அவள் என் மூக்கைப் பிடித்தாள்.

சிவப்பே இல்லை அது.
போனில் தேடினால் வரும் படமெல்லாம்
பால் நிறப் பிள்ளைகளின் முதுகு.
எம் பிள்ளை புளியங்கொட்டை.
அந்தத் தோலில் தடிப்பு
இன்னொரு முறை சாயத்தில் முங்கி எழுந்தது போல
கொஞ்சம் கூடுதல் கருப்பாகத்தான் வருகிறது.
நாற்பத்திரண்டில் எதுவும் சேரவில்லை.

முதலில் என் கையைச் சந்தேகப்பட்டேன்.
நகக்கண்ணில் அன்றைய மெரூன்.
மூணு தரம் சோப்புப் போட்டுத்தான் தூக்கினேன்.
மூணு போதாதோ?

அடுத்த லைன் வீட்டில்
பிஸ்வாவின் பையனுக்குப் போன மாசம் அம்மை.
நிலைப்படியில் வேப்பிலை இன்னும் காய்ந்து தொங்குகிறது.
அவனுக்கு நீர் கோத்த கொப்புளம்,
ஒன்று முளைக்கையில் ஒன்று உடைந்து
ஒன்று பொருக்குத் தட்டி,
ஒரே வயிற்றில் மூணு வயசு.
இது அப்படியில்லை.
"மணல்வாரியா இருக்குமோ?
அந்த ஊசிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குதே."
மணல்வாரிக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிடும்,
கண் சிவந்து, இருமி, மூக்கொழுகி
காதுக்குப் பின்னாலிருந்து இறங்கும்.
இவள் நெற்றியோ குளுகுளுவென்று.

போன ஊசி நாளில் ஜெசிந்தா சிஸ்டர் சொன்னது
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
"நெறத்தப் பாக்காதீங்க. கண்ணாடி டம்ளர வெச்சு அமுக்கிப் பாருங்க."

எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் கிடையாது.
அத்தனையும் எவர்சில்வர், சீர் வந்தது.
பேனா போட்டு வைக்க லேபிலிருந்து கொண்டுவந்த
வாய் உடைந்த பீக்கர் இருந்தது.
கழுவித் துடைத்து
உடையாத அடிப்பக்கத்தை முதுகில் வைத்தேன்.

அமுக்கினேன். புள்ளிகள் போயின.
எடுத்தேன். வந்தன.
இன்னொரு தரம்.
அவளுக்குக் கூசியது போல, சிரித்தாள்.

போனால் பயமில்லை என்றிருந்தார் சிஸ்டர்.
அமுக்கியும் போகாமல் காய்ச்சலும் சேர்ந்தால்
விடியட்டும் என்று உட்காராதீங்க,
வண்டியை எடுங்க.

எங்கள் பட்டறையில்
போகாத நிறம்தான் பாஸ்.
கொதிக்கும் தண்ணியில் போட்டு, தேய்த்து,
வெள்ளைத் துணியில் ஒட்டாவிட்டால்தான் லாரி ஏறும்.
போகிற நிறத்தைக் கும்பிட்டது
அன்றைக்குத்தான்.

பிறகு நாகமணிதான் பார்த்தாள்.
கழுத்து மடிப்பில், முதுகில், தோள் பட்டியடியில்,
காற்று நுழையாத இடமாகப் பார்த்துப் பார்த்து
கடுகு கடுகாய் வேர்க்குரு.
சட்டையைக் கழற்றி லேபிளை நீட்டினாள்.
நூறு சதம் பாலியஸ்டர்.
எக்ஸ்போர்ட் மிச்சத்தில் ஃப்ரில் வைத்தது,
அழகாயிருக்கிறதென்று நான்தான் கொண்டுவந்தேன்.
பருத்தி பனியனில் பிழைக்கும் ஊரில்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் பழைய பனியனைக் கிழித்து நனைத்து
ஒத்தி எடுத்தாள்.
பவுடர் டப்பாவை அலமாரி மேல் ஏற்றினாள்.
துணியில்லாமல் ஃபேனுக்கடியில் கிடந்து
நிறைமதி தன் கால் விரலைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் லேபில்
பெட்டிக்குள் மெரூனை வைத்தவன்
சுவிட்சைப் போடாமல்
விரலால் அமுக்கிக்கொண்டு நின்றேனாம்.
சூப்பர்வைசர் கேட்டார்,
"ஏனுங், என்ன பாக்கறீங்க?"