கசிவுச் சோதனை

வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஔலு நகரமே விறைத்துக் கிடக்க
ஓன்னி ஒரு சில்லுக்குச் சூடு தணிக்கத்
தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

மூன்று குழாய்கள் வளைக்கையிலேயே நசுங்கின.
நாலாவது சொன்ன பேச்சுக் கேட்டது.

மதர்போர்டுக்கு இன்னும் மின்சாரமில்லை.
பம்ப் மட்டும் ஓடுகிறது,
பச்சைத் திரவத்தில் குமிழிகளைத் துரத்தியபடி.
மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதம்.
விடிய விடியக் காவல்,
நடுவே கொஞ்சம் தூக்கம்.

ஆறு மணிக்குக் கண் திறந்தால்
ஒரு காகிதம் நனைந்திருக்கிறது.

திருகு திருகாகத் தடவுகிறான். உலர்ந்திருக்கின்றன.
விளக்கருகே பிடிக்கிறான்.
பச்சை இல்லை.
நிறமே இல்லை.

இரவுப் பணி முடித்து எப்போது வந்தாளோ,
முதுகுக்குப் பின்னால் குனிந்து
"இதுதானா அது?" என்கிறாள் ஸிர்க்கா.
கம்பளித் தொப்பி விளிம்பில்
பனி உருகி
இன்னொரு சொட்டு.