நான்காவது பை

அட்டைப்பெட்டிக்குள் ஆறு பைகள்,
இருபத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு சென்.
பெட்டிமேல் படத்தில் ஒரு வெள்ளைக்காரி
போர்வை மலைக்கு முன்னால் முகம் சுளிக்கிறாள்.
பக்கத்துப் படத்தில் மலை தோசையாகிவிட்டது,
அவள் சிரிக்கிறாள்.
காற்றை உறிஞ்சும் மெஷின் எங்களிடம் இல்லை என்பது
பெட்டியைப் பிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினான்காம் மாடி.
இரண்டு அறை, ஒன்றரை அலமாரி.
அரை அலமாரிக்குக் கதவு கிடையாது.
ரெண்டு வாரம்தான்க்கா என்று சொல்லி
ஜோகூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறியிருக்கிறாள் கோகிலவாணி,
தர்வினோடும் அவன் சைக்கிளோடும்.
இரண்டு வாரத்துக்கு யாரும்
பிள்ளையின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.
நான் கேட்கவில்லை.
அலமாரியை மட்டும் காலி செய்தேன்.

கல்யாணத்துக்கு வந்த கனத்த போர்வைகள் மூன்று,
வருஷம் முழுக்க வேர்க்கிற ஊரில்
எதை நம்பிக் கொடுத்தார்களோ.
கேமரன் மலைக்கென்று வாங்கிய ஸ்வெட்டர்;
நாங்கள் போன அன்று அங்கேயும் வெயில்.
அவருடைய பழைய செக்யூரிட்டி சீருடை.
இளைத்த பிறகு போடலாம் என்று
எட்டு வருஷமாய் வைத்திருந்த சுடிதார்கள்
பைக்குள் போய்
எனக்கு முன்னால் இளைத்தன.

எதிர்வீட்டு மேடம் கூ வேக்குவம் இரவல் தந்தார்.
பெலான் பெலான் என்றார்.
குழாய் முழுக்க அவர் நாயின் வாடை.
விசையைத் தட்டியதும் முதல் பை
பொய் பிடிபட்டவன் முகம்போலச் சுருங்கிற்று.
அந்த வேகத்தில் இலவம்பஞ்சுத் தலையணையையும்
போட்டு உறிஞ்சிவிட்டேன்.
போடக்கூடாதாம்.
பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது.

வந்தாள். அவன் பேரை யாரும் எடுக்கவில்லை.
தன் பட்டுச்சேலைகளைத் தானே மடித்து
நான்காவது பையில் அடுக்கினாள்,
கூறைச்சேலை எல்லாவற்றுக்கும் மேலே.
பட்டு நசுங்குமே என்றேன்.
நசுங்கட்டும்.
தர்வின் பைமேல் குப்புற விழுந்தான்.
வால்வு வழியே நீளமாய் ஒரு புஸ்.
யார் விட்டது என்று கேட்டான்.
அவள் சிரித்தாள், பஸ்ஸை விட்டு இறங்கியபின் முதல் தடவை.
அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டினோம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.
மலை தெரியவில்லை, பாலம் தெரியவில்லை,
கொடியில் போட்டது மூன்று நாளாகியும் காயவில்லை.
ஐந்து பைகள் பலகைபோலக் கிடந்தன,
நான்காவது மட்டும் மூச்சு வாங்கியது.
முட்டி போட்டு அமுக்கினேன்.
இரண்டாம் முறை இரவல், மூன்றாம் முறை இரவல்.
மேடம் கூ இப்போதெல்லாம்
வேக்குவத்தை வாசலிலேயே வைத்திருக்கிறார்.

நேற்று ராத்திரி மூன்று மணி.
அலமாரிக் கதவு தானாகத் திறந்தது,
யாரோ முதுகால் தள்ளியதுபோல.
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
பையின் ஜிப்புக்கு நடுவே
கூறையின் சரிகை ஒன்று மாட்டியிருந்தது.
ஒரே ஒரு இழை.
அந்த இழை அகலத்துக்கு ஒரு வாசல்.
கத்தரிக்கோலை எடுத்தேன்.

வெட்டாதக்கா.

தரையில், இருட்டில், விழித்துத்தான் கிடந்திருக்கிறாள்.
அசல் வெள்ளிச் சரிகை, எடைக்கு எடுக்கிறாங்களாம்,
பினாங்கு ரோட்டுல விசாரிச்சுட்டேன்.
இவனுக்கு வெள்ளைச் சப்பாத்து, யூனிஃபார்ம்,
பை ஒண்ணு.
இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை,
மேலே ஓடும் காற்றாடியிடம் சொன்னாள்.
நானும் காற்றாடியைப் பார்த்தபடியே
இங்க தமிழ்ப்பள்ளி பக்கம்தான் என்றேன்.

காலையில் வெயில்.
தலையணையைத் தட்டினேன், உதறினேன்,
மூங்கில் கம்பில் பதினான்கு மாடி உயரத்தில் தொங்கவிட்டேன்.
எழும்பவே இல்லை.
எனக்கு இதுவே போதும் பெரிம்மா,
ரொட்டி சானாய் மாதிரி இருக்கு என்றான் தர்வின்.

வேக்குவத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
நடைபாதையில் சாத்தியிருந்த சைக்கிள்
வந்த நாளிலிருந்து சப்பையாகத்தான் நிற்கிறது.
மூன்று பேரும் லிஃப்டில் அதை நிமிர்த்திப் பிடித்தபடி
கீழே கடைக்குப் போனோம்,
காற்றடிக்க.