மாலை

எழுதிப் போட்டது நான்தான்.
பெயர் எழுதவில்லை.
பழைய ஷிப்ட் அட்டையின் முதுகில் இரண்டே வரி,
மேற்பார்வையாளர் ஓயார்ஸின் கதவுக்கடியில் தள்ளிவிட்டேன்:
"வேலைக்கு வர முடியாத இல்வா
கடற்கரைக்கு ஆட மட்டும் வந்திருந்தாள்."

லீபாயாவில் எங்கள் தொழிற்சாலை.
விரல் நீள மீன்களைப் புகைபோட்டு
எண்ணெயில் அடுக்கி டப்பாவில் மூடுவோம்.
தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம், அடுத்தது மாற்றி.
ஒரு டப்பாவுக்குப் பதினான்கு வினாடி.
இல்வாவுக்கு முப்பது, சில காலைகளில் நாற்பது.
மிச்சம் எங்கள் தலையில்.
கூட்டு போனஸ் என்பது
ஒருத்தியின் விரல்களை
ஒன்பது பேர் பார்த்துக்கொண்டே இருப்பது.

முதலில் சொல்லித்தான் பார்த்தாள்,
முடக்குவாதம் என்று.
"முப்பத்துநாலு வயதிலா?" என்றோம்.
"மழை வந்தால் எனக்கும்தான் முட்டி வலிக்கிறது,
நான் வரவில்லையா?" என்றாள் ஸ்கைத்ரீட்டே.
யாரோ முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டச் சொன்னார்கள்.
பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.
சளி என்பாள். பல்வலி என்பாள். பஸ் போய்விட்டது என்பாள்.
பொய்க்காரி என்று பெயர் வைக்க
எங்களுக்கும் தோதாயிற்று.

ஒருநாள் காலை ஆறு ஐந்துக்குக் கழிப்பறையில்
வெந்நீர்க் குழாய்க்கு அடியில்
இரண்டு கைகளையும் நீட்டி நின்றிருந்தாள்,
யாருடைய கைகளையோ
இரவல் வாங்கி வந்தவள்போல.
என்னைக் கண்டதும் சட்டென்று சோப்பை எடுத்தாள்,
வெறுமனே கை கழுவுகிறவள் ஆனாள்.
சோப்பு இரண்டு முறை நழுவி விழுந்தது.

மதியத்துக்குமேல் அந்த விரல்கள் வேறு.
அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.
காலையில் வராது, மாலையில் வரும் என்றால்
அது நோயா, சாமர்த்தியமா?
நோய் என்றால் நோய் மாதிரி இருக்க வேண்டாமா:
படுக்க வேண்டும், இளைக்க வேண்டும்,
உதட்டுச் சாயம் பூசக் கூடாது.

அப்புறம் அந்த ஜூன் இரவு.
சூரியன் போக மனமில்லாமல் போய்
போன வேகத்தில் திரும்பி வரும் இரவு.
நெருப்பு, பீர், சீரகம் போட்ட பாலாடைக்கட்டி.
பெண்கள் எல்லோர் தலையிலும் மாலை.
செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் ஆடினாள் இல்வா,
மூன்று பாட்டுக்கு.
எண்ணினேன். டப்பா எண்ணிப் பழகிய கண்.

விடுமுறை முடிந்த காலை அவள் வரவில்லை.
எழுதினேன்.

வியாழக்கிழமை ஓயார்ஸ் கூப்பிட்டார்.
கண்ணாடிக்கு அப்பால் வாய்கள் அசைந்தன.
அவள் கைகளை மேசைமேல் வைத்தாள்,
காட்டுவதற்குத்தான் என்று நினைக்கிறேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
கைகள் மடிக்குத் திரும்பிவிட்டன.

வெளியே வந்து ஏப்ரனை அவிழ்க்கப் பார்த்தாள்.
முதுகுப்புறம் ஈர முடிச்சு.
பிடித்தாள், விட்டாள், பிடித்தாள்.
பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.
பதினான்கு வினாடி, இருபத்தெட்டு, நாற்பத்திரண்டு.
யாரும் நகராததால் நான் போய் அவிழ்த்தேன்.

"நன்றி, டக்னியா" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரியுமா என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் போகும்போதுதான் அந்த மாலை.
நாங்கள் எல்லோரும் பகல் முழுக்கப் புல்லில் உட்கார்ந்து
டெய்சியும் க்ளோவரும் காம்போடு காம்பு பின்னிக் கட்டியவை
விடிவதற்குள் துவண்டுவிட்டன.
அவளுடையது துவளவில்லை.
துணிப்பூ, ரப்பர் நாடா, கடையில் வாங்கியது.
அப்போதே பார்த்தேன்.
மாலை கட்டக்கூடச் சோம்பல் என்று
பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்,
சிரித்தோம்.