நாற்பத்தேழு சென்டிமீட்டர்

நெயின் துறையிலிருந்து வடக்கே போகும் தடத்தில்
ஒவ்வொரு திங்களும் உறைந்த கடலில் துளை போடுகிறேன்.
துரப்பணம் முனகியபடி இறங்கும்,
வெள்ளைத் தூள் காலணியை மூடும்,
பிறகு சட்டென்று கைக்கு எதிர்ப்பே இல்லாமல் போகும்.
கடல்.
அளவுகோலின் கொக்கியை அடிவிளிம்பில் மாட்டி
எண்ணைப் படித்து எழுதுவேன். பென்சில்தான்.
மை உறைந்துவிடும்.

பிப்ரவரி ஒன்பது, மூன்றாம் கொடி:
நாற்பத்தேழு.
பொய்யில்லை. இன்று கேட்டாலும் சொல்வேன், பொய்யில்லை.

மறுநாள் மாலை, அதே கொடியிலிருந்து
நாலு மீட்டர் தள்ளி,
போவாஸின் பனிவண்டி உள்ளே போனது.
என் கணவரின் தம்பி. விறகு ஏற்றி வந்தான்.
விடிந்தபோது புதிதாக உறைந்த பரப்பில்
விறகு மட்டும் பாதி நிமிர்ந்து நின்றது.
ஜூனில் பனி உடையும்போது
பார்க்கலாம் என்றார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி மரியாதையானவர்.
வாசலிலேயே காலணியைக் கழற்றினார்.
"உங்கள் அளவு சரிதானா, பெனிக்னா?"
"சரி."
"அப்படியென்றால் அது எப்படி உடைந்தது?"
கெட்டில் கொதித்து அடங்கும்வரை
இரண்டு பேரும் மேசைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் துளையின் அகலம் ஐந்து சென்டிமீட்டர்.
அந்த ஐந்துக்கு நான் அறிந்தவள்.
மீதி விரிகுடா முழுக்க
ஊகம், பழக்கம், போன வருடம்.
அடியில் நீரோட்டம் எந்த இடத்தை
நக்கி நக்கி மெலியவைக்கிறது என்பதை
மேலே நிற்கிறவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

கடவுளின் சித்தம் என்றாள் பக்கத்துவீட்டு ஃபிலிப்பினா,
ஜாம் குப்பியின் மூடியைத் திருகுகிற வேகத்தில்.
அவளுக்கு அது எத்தனை துளை போட்டுத் தெரிந்ததோ.
சபையின் மூப்பர் ரெனாட்டஸ் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று நாள் வந்து என் படிக்கட்டின் பனியை வாரிவிட்டு
மண்வெட்டியைச் சாய்த்துவைத்துப் போனார்.

இரவில் நான் ஜெபிக்கவில்லை, வழக்காடினேன்.
உண்மை என்பது
எழுதினால் நிற்கிற எண் என்றிருந்தேன்.
அதற்குக் கையும் காலும் உண்டு, காயமும் உண்டு,
கூப்பிட்டால் திரும்பும் பெயர் உண்டு என்று
ஞாயிறு பள்ளியில் ஒப்பித்தவள்தான் நானும்.
ஒப்பித்ததோடு சரி.
உமக்குத் தெரியும் அல்லவா, என்றேன்.
அன்று அந்த நாலு மீட்டர் உமக்குத் தெரியும் அல்லவா.
அடுப்பில் விறகு ஒருமுறை சரிந்தது.
அதைப் பதிலென்று எழுதிக்கொள்ள
எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்டர். இருட்டோடு எழுந்து
கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், வழக்கம்போல.
வாத்தியக்காரர்கள் ஊதுமுனைகளைக்
கையுறைக்குள் பொத்தி வைத்திருந்தார்கள்.
போவாஸுக்கு அங்கே கல் இல்லை.
இரண்டாம் எக்காளமும் இல்லை, அவன் பாகத்தை
யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.
அந்தக் குரல் இருக்கவேண்டிய இடத்தை
அப்படியே திறந்துவிட்டு வாசித்தார்கள்.
குளிரில் முதல் சுரம் பிசிறியது.
ஓட்டையோடு இருந்த அந்தப் பாட்டு
எங்கும் உடையாமல் கடைசிவரை போனது.
சூரியன் தீவுகளுக்குப் பின்னால் வந்தபோது
உயிர்த்தெழுந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள்.
நானும் சொன்னேன். நிரூபிக்க
என் கையில் கொக்கியோ கோலோ இல்லை.
தொண்டை அடைத்தது, ஆனாலும் சொன்னேன்.

இப்போது மூன்றாம் கொடியைச் சுற்றி ஏழு துளை.
ஏழு இடத்தில் அறிந்தவள்.
துளைக்கும் துளைக்கும் நடுவே நடந்துதான் போகவேண்டும்,
நடக்கிறேன்.
குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி பிரித்திருக்கிறேன்.
தலைப்பு வைக்கவில்லை. ஒன்றும் நிரப்புவதுமில்லை.
அலுவலகத்தில் அது என்ன என்று கேட்டார்கள்,
இருக்கட்டும் என்றேன்.

கோலை வெளியே எடுத்த பிறகும்
கொஞ்ச நேரம் முழங்காலில் இருக்கிறேன்.
கருத்த நீர் துளையில் மெல்ல ஏறும், இறங்கும்,
அடியில் மிகப் பெரிய ஏதோ
மூச்சு விடுகிறாற்போல.
நான் அளந்தது அதன்மேல் கிடக்கும் தோலை.
நாற்பத்தொன்று, இன்று.