ஒன்று கூடுதல்

மைக்கில் எனக்கு ஒரு தமிழ்.
"பையை சீட்லயே விட்டுடாதீங்க,
கரெக்டா பத்தே முக்காலுக்கு இங்க இருக்கணும்"
ஈரோட்டுக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும்
பொதுவாய்ப் பழகியெடுத்த தமிழ்.
மைக்கை அணைத்தால் மற்றது வரும்,
"இனி என்ன செய்யிறது" என்று
தன்பாட்டில் கதைக்கும்.
ஸ்லாவ்கோவுக்கு ஜெர்மன்.
அவன் குரோஷியாக்காரன், நான் புங்குடுதீவு.
இரண்டு பேருடைய பிழைகளும்
வேறு வேறு இடத்தில் வருவதால்
சமாளிக்க முடிகிறது.

நாற்பத்திமூன்று பேர்.
விரல் நீட்டி எண்ணினால் முகம் சுளிப்பார்கள்.
கண்ணால்தான், நெற்றி நெற்றியாய்,
கடைசி வரிசை வரைக்கும் போய்த்
திரும்பி வரும்போது மறுபடி.
தூங்குகிறவர் ஒன்று.
குனிந்து செருப்புத் தேடுகிறவரும் ஒன்று.

டிட்லிஸில் அன்றைக்கு மேகம்.
"அதோ, அங்கதான் மலை" என்று
வெறும் வெள்ளையைக் காட்டினேன்.
எல்லோரும் வெள்ளையைப் படம் எடுத்தார்கள்.
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மட்டும்
"டிக்கெட்டுக் காசு திரும்ப வருமாம்மா?" என்றார்,
வட்டி விகிதம் கேட்கிற குரலில்.
பின்வரிசையில் புளியோதரைப் பொட்டலம் பிரிந்தது.
கழிவறைக்குச் சில்லறை என் சட்டைப்பையில்
எப்போதும் கனக்கும்;
தந்த பிராங்கைத் திருப்பித் தருகிறவர்கள்
பத்தில் இரண்டு பேர்.

ரைன் அருவியில்தான் அது.
நனைந்து, கத்தி, சிரித்து
ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் எல்லோரும்.
எண்ணினேன். நாற்பத்திநான்கு.
மறுபடி எண்ணினேன். அதே.

குறைந்தால் என்ன செய்வதென்று தெரியும்:
சாக்லேட் கடை, கழிவறை வரிசை,
பிறகு ஆற்றைப் பார்க்காமல் பார்ப்பது.
கூடினால் என்ன செய்வதென்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

பின்கதவு ஓரம், சன்னல் பக்கம்,
மருதாணி இன்னும் சிவப்பாய் இருக்கிற கை.
பக்கத்தில் நின்ற இன்னொரு வெள்ளைப் பேருந்தின் பெண்.
தவறி ஏறிவிட்டாளோ என்று குனிந்தேன்.
"இல்லக்கா, தெரியும்" என்றாள்.
"கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கறேன்.
அவர் அந்த பஸ்ல இருக்கார்."

ஸ்லாவ்கோவைப் பார்த்தேன்.
கருவியைத் தட்டிக் காட்டினான்:
நாற்பத்தைந்து நிமிட ஓய்வில்
இன்னும் ஒன்பது பாக்கி.
அதற்கு முன் சக்கரம் உருண்டால் அபராதம் அவனுக்கு.
சட்டம் ஓட்டுநருக்காக எழுதியது.
அந்த ஒன்பது நிமிடமும்
அவளுக்குப் போனது.

நான் மைக்கை எடுத்து
அருவியின் அகலம், உயரம், பனி உருகும் மாதம் என்று
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன்,
யாரும் பின்னால் திரும்பாதபடி.
வங்கி மேலாளர் திரும்பினார்.
பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
தன் முறுக்குப் பையை மட்டும்
இருக்கை இடுக்கு வழியே நீட்டினார்.
அவள் ஒன்று எடுத்தாள்.

ஏழாவது நிமிடம்
கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்து இறங்கினாள்.
நடந்தது அந்தப் பேருந்தை நோக்கித்தான்.
ஏறினாளா என்று தெரியாது,
நடுவில் ஜப்பானியர் குழு ஒன்று
குடைகளோடு வந்து மறைத்துவிட்டது.
நாற்பத்திமூன்று. "போகலாம்" என்றேன்.
அன்றைய அறிக்கையில் எழுதினேன்:
எண்ணிக்கை சரி.

நவம்பரில் வேலை இல்லை.
பீல் நகரில் மூன்றாம் மாடி,
சலவை இயந்திரத்துக்கு எங்கள் முறை வியாழக்கிழமை.
காலை ஆறுக்கு யாரையும் எழுப்ப வேண்டாம்.
தயிர் இருக்கிறதா என்று
எந்தச் சமையலறையிலும் கெஞ்ச வேண்டாம்.
தொண்டை தானாகக் குணமாகிறது.
கணவர் கேட்டால்கூட
ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது;
சீசனில் கேட்டிருக்கலாமே என்கிறார்.

நகரப் பேருந்தில் ஏறினால்
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பாதைக்கு முதுகு காட்டி நிற்கிறேன்,
பன்னிரண்டு வருடப் பழக்கம்.
இந்த நாட்டை நான் அதிகம் பார்த்தது
பின்னோக்கித்தான்.
எதிரே, கைபேசியில் தலைகுனிந்த மனிதர்கள்.
உதடு அசைகிறது.
பதினேழு.
யாரிடமும் சொல்லவில்லை.