நெர்மினின் கோட்டு

அலெக்ஸாந்திரியாவில் ஜனவரி மழை
பக்கவாட்டில் பெய்யும்.
கடலிலிருந்து எழுந்து
டிராம் கம்பிகளைத் தாண்டி
நாங்கள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின்
ஷட்டருக்கு அடியில் நுழைந்து வரும்.
அன்று என் மேலங்கி நனைந்துபோயிற்று.
"இதைப் போட்டுக்கொண்டு போ" என்றாள் நெர்மின்.
செங்கல் நிறக் கோட்டு.
பித்தளைப் பொத்தான்கள். ஒன்று மட்டும் கறுப்பு.

என் பெயர் இப்திஸாம்.
எங்கள் மொழியில் புன்னகை என்று பொருள்.
"கொஞ்சம் சிரியேன்" என்று தெருவில் எவனாவது சொன்னால்
பெயர் தெரிந்துவிட்டதோ என்று திடுக்கிடுவேன்.
தெரியாது.
எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறார்கள்.

தேன், பாலாடை, வாதுமை, பாகில் ஊறிய பேரீச்சை.
இந்த ஊர் மிட்டாய்க் கடைகளில்
என்னைக் கூப்பிட எடுக்காத பண்டம் பாக்கியில்லை.
பதினோரு வயதில் தொடங்கியது.
அப்போது என் பள்ளிப்பையில்
நிஜ மிட்டாயே இருந்தது.

போன நோன்பு மாதத்தில்
பெண்கள் பெட்டியைத் தவறவிட்டு
கடைசிப் பெட்டியில் ஏறினேன்.
இடுப்பில் ஊர்ந்த கையை
மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கிக் காட்டினேன்,
மீனைக் காட்டுவதுபோல.
பெட்டியே எழுந்து நின்றது, அவனுக்காக.
விடம்மா, படிக்கிற பையன்.
விடு, நோன்பு நாள், வாயைக் கெடுத்துக்கொள்ளாதே.
விடு, அவன் எதிர்காலம் என்னாவது?
கூடை வைத்திருந்த ஒருத்தி மட்டும்
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து
எனக்கு இடம் விட்டாள்.
அடுத்த நிறுத்தத்தில்
அந்த எதிர்காலம் இறங்கி நடந்ததைப் பார்த்தேன்.
விசிலடித்துக்கொண்டே போனது.

கோட்டு போட்ட அன்று
எங்கள் சந்தில் மின்சாரம் இல்லை.
பூட்டிய மருந்துக்கடையின் படிகளில் நாலைந்து பேர்.
சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பும் சத்தம்.
கடந்து நாலடி போயிருப்பேன்,
முதுகில் வந்து விழுந்தது:
"ஏ செங்கல்லே,
எந்த வீட்டுச் சுவரிலேர்ந்து பெயர்ந்து வந்தே?"
சிரிப்பு. ஒருவன் கைதட்டினான்.

நல்ல கற்பனை என்றுகூடத் தோன்றியது ஒரு கணம்.
அப்புறம்தான் குரல் உறைத்தது.
காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து
சோப்பு எங்கே என்று என்னிடம் கேட்ட குரல்.

திரும்பினேன்.
சந்துக்குள் நுழைந்த டாக்ஸி ஒன்று
விளக்கை என் முகத்தில் இறைத்தது.
அவன் கீழுதட்டில் ஒரு விதைத் தோல்
ஒட்டியபடி நின்றது.
எத்தனையோ சொல்லியிருக்கலாம்.
"ஹைதம், ரொட்டி வாங்கியாச்சா?" என்றேன்.
மற்றவர்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில், கதவுக்கு அந்தப்பக்கம்
அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:
"இருட்டின பிறகு அவளைத் தனியே விடாதே.
தெரு கெட்டுக் கிடக்கு."

அன்றிரவு தெரு பருப்பு சூப்பைத் தொடவில்லை.
தெரு கைகழுவிவிட்டுப் போய்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.
நள்ளிரவில் தண்ணீர் குடிக்க வந்த தெரு
சமையலறைக் கதவில் சொட்டிக்கொண்டிருந்த கோட்டைக் கண்டு
தண்ணீர் குடிக்காமல் திரும்பிற்று.

மறுநாள் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
"அளவு சரியா இருந்ததா?" என்று கேட்டாள் நெர்மின்.
இருந்தது என்றேன்.
பிறகு பகலெல்லாம்
வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து
இதிலா, இதிலா, எதில் தெளிவாகத் தெரிகிறது
என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டிலும் ஒன்றுதான் என்றார் ஒரு கிழவர்.

இப்போதெல்லாம் சாயங்காலம்
டிராம் நிறுத்தத்துக்கே வந்துவிடுகிறான்.
மருந்துக்கடைப் படி வாய்மூடிக் கிடக்கிறது.
அம்மாவுக்கு நிம்மதி.
அவன் பேசுவதில்லை, பக்கத்தில் வருவதில்லை,
பத்தடி பின்னால் வருகிறான்.
காவல்தான். எனக்குத் தெரியும்.
முதுகுக்குத்தான் பெயர்கள் தெரியாது.
பின்னால் காலடி கேட்டால்
அது வேகமாக நடக்கிறது.

அவனும் வேகத்தைக் கூட்டுகிறான்.